சத்தம் ஸ்விட்சிலா, விரலிலா?

கேள்வி: டைப்ரைட்டரில் தட்டச்சு பழகியவள் நான். மொழிபெயர்ப்பு வேலை, பெரும்பாலும் இரவில்தான். ஆசைப்பட்டு நீல ஸ்விட்ச் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினேன். பக்கத்து அறையில் தூங்கும் மாமியார், "விடிய விடிய பல்லி கத்துது" என்கிறார். சிவப்புக்கு மாறினால் சத்தம் அடங்குமா?

பதில்: உங்கள் மாமியாரின் காது கூர்மையானது. மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்விட்ச் உண்டு; அதன் வகையை நிறத்தால் சொல்வது வழக்கம். நீல ஸ்விட்சுக்குள் அந்த 'டிக்' சத்தத்துக்கென்றே ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு தனியாக இருக்கிறது. எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் அது துள்ளத்தான் செய்யும்.

சிவப்பில் அந்த டிக் கிடையாது. ஆனால் சத்தம் அடங்குமா என்றால், உங்கள் விரலை நினைத்துத் தயங்குகிறேன். டைப்ரைட்டரில் எழுத்து காகிதத்தில் பதிய ஓங்கி அடித்தாக வேண்டும். செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் சிவப்பில் விசை இறங்கும் மொத்த ஆழம் 4 மி.மீ.; 2 மி.மீ. இறங்கியதுமே எழுத்து விழுந்துவிடும். நம்மைப் போன்றவர்களின் விரல் அங்கே நிற்குமா? அடிவரை போய் 'டொக்' என்று மோதும். நானும் நீலத்திலிருந்து சிவப்புக்குத் தாவியவன்தான். பல்லி போய் மரங்கொத்தி வந்தது! போதாததற்கு, 45 கிராம் அழுத்தத்துக்கே அது இறங்கிவிடுவதால், யோசித்தபடி விரலை வைத்திருந்தால் திரையில் ஒரே எழுத்து வரிசையாக ஓடும்.

அப்புறம் பழுப்புக்குப் போனேன். பாதி வழியில் விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படும், டிக் இருக்காது. பலருக்கும் பிடித்திருக்கிறது. எனக்கு அந்த மேடு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

உங்களுக்கு வேண்டியது, மேடும் இருந்து சத்தமும் அடங்கிய ஸ்விட்ச். 'சைலன்ட் டாக்டைல்' என்று கேளுங்கள். உள்ளே விசைத்தண்டு மோதும் இடங்களில் ரப்பர் போன்ற மெத்தை இருக்கும். கீழே மோதும் சத்தத்தோடு, விசை திரும்பி மேலே வந்து இடிக்கும் சத்தத்தையும் அது விழுங்கிவிடும். அந்த இரண்டாவது சத்தத்தை நாம் யாருமே கணக்கில் எடுப்பதில்லை. என் கீபோர்டில் இப்போது இருப்பது போபா யு4 என்ற அந்த வகை ஸ்விட்ச். மேடு நன்றாகவே தெரிகிறது. ஸ்பிரிங் கொஞ்சம் கனம்; ஓங்கி அடிக்கும் கைக்கு அதுவே சௌகரியம். அடியில் மெத்துமெத்தென்று இருப்பதுதான் முதலில் ஒரு மாதிரி இருந்தது.

நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கைல் நிறுவனத்தின் பாக்ஸ் வெள்ளை டிக்கென்று சத்தம் போடும். கேட்டரான் நிறுவனத்தின் வெள்ளையோ மேடும் இல்லாமல் டிக்கும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

இன்னொன்று, உங்களுடையது ஹாட்ஸ்வாப் கீபோர்டா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் ஸ்விட்சை இடுக்கியால் பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். இல்லையென்றால் ஒவ்வொன்றையும் சால்டரிங் வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஐந்து கால் ஸ்விட்ச் மூன்று கால் துளையில் நுழையாவிட்டால், ஓரத்துப் பிளாஸ்டிக் கால்கள் இரண்டையும் வெட்டிவிடலாம். உலோகக் கால்கள்மீது கை வைக்காதீர்கள். செருகும்போது அவை நேராக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நான் பார்க்காமல் அழுத்தி ஒன்றை மடக்கிவிட்டு, கீபோர்டே போய்விட்டதென்று இரண்டு நாள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.