வாசகர் கேள்வி – பதில்: 26 கிலோ மூட்டையும் 17 சதவீத ஈரமும்

கே: முன்பு அரிசி 25 கிலோ மூட்டையாக வந்தது. இப்போது டவுன் கடைகளில் எங்கே கேட்டாலும் 26 கிலோ என்கிறார்கள். அந்த ஒரு கிலோ எதற்கு?
– வாசகி, பாளையங்கோட்டை

ப: வரிக்காக. பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால், 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி. அதைத் தாண்டினால் கிடையாது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது பதிவு பெற்ற பிராண்டு அரிசிக்குத்தான் இந்த வரி இருந்தது; பிராண்டு உரிமையை விட்டுக்கொடுத்துத் தப்பியவர்கள் உண்டு. அந்த ஓட்டையை அடைக்கத்தான் எடைக்கணக்கு வந்தது. ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டி அதையும் தாண்டிவிட்டார்கள். இது வரி ஏய்ப்பு அல்ல, சட்டப்படி சரியே.

கிலோ 60 ரூபாய் அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 கிலோ 1,500, வரி 75, ஆக 1,575 ரூபாய். 26 கிலோவோ 1,560. அரிசி கூடுதல், விலை 15 ரூபாய் குறைவு! 5 கிலோ பை வாங்குகிறவர் 315 ரூபாய் கொடுக்கிறார். அன்றாடக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும் வீடு வரி கட்டுகிறது. மாதச் சம்பளத்தில் மூட்டையாக இறக்கும் வீடு கட்டுவதில்லை. இந்த விதியின் மோசமான விளைவு இதுதான்.

மூட்டை விலையைக் கேட்காமல் கிலோ விலையைக் கேளுங்கள். கொஞ்சம் போதுமென்றால் மூட்டையைப் பிரித்து நிறுத்துத் தரும் அரிசியை வாங்கலாம், அப்படி விற்பதற்கு வரி இல்லை. ஆனால் பிரித்தது 25 கிலோ மூட்டையானால், முன்பே கட்டிய வரி விலைக்குள் இருக்கும். 10 கிலோ பை மூன்றை ஒரே சாக்கில் போட்டு ‘30 கிலோ’ என்றாலும் வரி உண்டு. 26 கிலோ மூட்டையிலும் கொஞ்சம் வரி ஒளிந்திருக்கிறது: சாக்குக்கும் இயந்திர உதிரிபாகத்துக்கும் ஆலை கட்டிய ஜிஎஸ்டியை, விற்கும் அரிசிக்கு வரி இல்லாததால் கழித்துக்கொள்ள முடியாது. அது விலையில்தான் ஏறும்.

கே: கார் பருவ நெல்லை அறுத்ததும் வயலிலேயே வியாபாரிக்குக் கொடுக்கவா, அரசு கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகவா?
– வாசகர், சேரன்மகாதேவி

ப: ஈரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 2025-26 பருவத்தில் பொது ரகத்துக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில ஊக்கத்தொகை 131 சேர்ந்து 2,500. சன்ன ரகம் 2,545. பொது ரகத்தில் சேரும் அம்பை 16 நெல்லைப் போட்டிருந்தால் அந்தக் கணக்கில் உங்களுக்கு 2,500 தான். ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மழை ஆண்டுகளில் மத்திய அரசு இதைத் தளர்த்துவதுண்டு. அந்த உத்தரவு வருவதற்குள் களத்தில் நெல் முளைத்துவிடும்.

கார் அறுப்பு மழையை ஒட்டி வருவதால் இயந்திரம் அறுத்த நெல்லில் ஈரம் பெரும்பாலும் 20-க்கு மேல் நிற்கும். 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோவில் ஈரம் போக இருப்பது 78 கிலோ. 17-க்குக் காய்ந்தால், 78-ஐ 0.83-ஆல் வகுக்க, 94 கிலோ மிஞ்சும். குவிண்டாலுக்கு 2,500 என்ற கணக்கில் அதற்குக் கிடைப்பது 2,350 ரூபாய். இதில் காயப்போடும் கூலி, வண்டி வாடகை, வரிசையில் கிடக்கும் நாட்களுக்குக் காவல் எல்லாவற்றையும் கழியுங்கள். ஈர நெல்லுக்கு வியாபாரி அந்த மிச்சத்துக்கு மேல் தந்தால் வயலிலேயே கொடுத்துவிடலாம். காருக்கு அடுத்த பருவமான பிசானம் வெயிலில் அறுபடுவதால் அதற்கு நிலையமே மேல்.

கொண்டுபோவதானால் சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் வேண்டும்; இணையத்தில் முன்பதிவும் செய்ய வேண்டும். குவியலை நன்றாகக் கிளறிக் காயவையுங்கள். மேலே காய்ந்து அடியில் ஈரமாக இருந்தால் ஈரமானி இடத்துக்கு இடம் வேறு எண் காட்டும், தகராறு அங்கேதான் தொடங்கும். முதிராத, சுருங்கிய நெல் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, தூற்றாமல் ஏற்றாதீர்கள்.

வியாபாரி விலை ஆடுவதற்கு ஏற்றுமதிக் கொள்கையும் ஒரு காரணம். 2023 ஜூலை 20-ல் பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. ஆகஸ்ட் 25-ல் புழுங்கலரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி. இரண்டும் 2024 செப்டம்பர், அக்டோபரில் விலகின. வெளிச்சந்தை அடைபட்டால் நெல்லுக்கு ஆலைகளின் போட்டி குறையும். அரிசி வாங்குகிறவருக்கு மிச்சமாகும் காசு விளைவித்தவரிடமிருந்து போவதுதான்.

கே: மலிவு லைட்டர் இறக்குமதித் தடை பொருளாதார சுதந்திரத்துக்கு எதிரானதா? தீப்பெட்டித் தொழிலுக்கு அது நல்லதுதானே?
– வாசகர், கோவில்பட்டி

ப: இரண்டுக்கும் ஆமாம். கனடாவின் பிரேசர் இன்ஸ்டிடியூட் பொருளாதார சுதந்திரத்தை ஐந்து கூறுகளில் அளக்கிறது: அரசின் அளவு, சட்டமும் சொத்துரிமையும், பண மதிப்பின் நிலைப்பு, அயல்நாட்டு வணிகம், கட்டுப்பாடுகள். இந்தத் தடை நான்காவது கூறில் அடிபடும். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டருக்குத் தடை வந்ததும் உதிரிபாகங்களாக இறக்கி இங்கே சேர்த்துப் பூட்டினார்கள். 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை வந்தது.

தடையைவிட வரிக்குறைப்பு நேர்மையான உதவி. தீப்பெட்டிக்கு 2020 ஏப்ரல் முதல் 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். 2 ரூபாய்ப் பெட்டியில் இது ஏறக்குறைய 12 காசு. 12 காசைச் சில்லறையாகத் திருப்பித் தர முடியாது. பெட்டியில் குச்சி கூடியிருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். கூடவில்லையென்றால் அந்தக் காசு ஆலைக்கும் கடைக்கும் நடுவில் எங்கோ நின்றுவிட்டது.