ஐரோப்பிய வரலாற்றில் பல சமயத்தார் சேர்ந்து வாழ்ந்ததை 9ஆம் வகுப்புக்கு எப்படி நடத்தலாம்?

"சகிப்புத்தன்மை" என்று கரும்பலகையில் எழுதி ஆரம்பிக்காதீர்கள். நாம் எதிர்பார்க்கும் விடையைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகள் அதோடு மறந்துவிடுவார்கள். ஒரு பொருளைக் கையில் கொடுங்கள்.

அதற்குப் பொருத்தமானது சிசிலியின் பலெர்மோவில், சீசா அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கல்லறைக் கல். சிசிலியை ஆண்ட கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் ரோஜரின் பாதிரியார் கிரிசாண்டுஸ், 1148 ஆகஸ்டில் இறந்த தன் தாய் அன்னாவுக்காக வைத்தது. நடுவில் சிலுவை. மேலே எபிரேய எழுத்து, இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் கிரேக்கம், கீழே அரபு.

படத்தை ஏ3 தாளில் வண்ணத்தில் அச்செடுத்து 4 குழுக்களுக்குக் கொடுங்கள். முதல் 10 நிமிடம் விளக்கம் எதுவும் வேண்டாம்; கண்ணில் பட்டதை எழுதட்டும். பிறகு ஆண்டுக் கணக்கு. அந்த ஆகஸ்ட் யூதக் கணக்கில் 4908, பைசாந்தியக் (கிழக்கு ரோமப் பேரரசின்) கணக்கில் 6656, இஸ்லாமிய ஹிஜ்ரி கணக்கில் 543. முதல் இரண்டும் 3760, 5508 கழித்தால் சரியாக வரும். ஹிஜ்ரி மட்டும் இடிக்கும்: ஹிஜ்ரி தொடங்கியது 622இல்; 1148இல் 622 போக 526தானே? சந்திர ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாள்தான் என்று அவர்களே கண்டுபிடிக்கும் வரை பொறுத்திருங்கள். ஒரே ஊரில் நான்கு நாட்காட்டிகள் ஓடின என்பது அப்போதுதான் மனதில் இறங்கும்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, மேலே உள்ளதை எபிரேய மொழி என்று சொல்லிவிடுவது. எழுத்துதான் எபிரேயம், மொழி அரபு. அரபு எழுத்தில் தமிழை எழுதும் நம் அரபுத்தமிழை நினைவூட்டினால் உடனே புரிந்துகொள்வார்கள்.

அதைவிடப் பெரிய பிழை, "எல்லோரும் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்" என்று பாடத்தை முடிப்பது. கல்லை வைத்தவர் அரசவையைச் சேர்ந்த கிறிஸ்தவர். நான்கு எழுத்திலும் பேசுவது அதிகாரத்தின் குரல். ரோஜரின் மரபு மன்னர்களின் ஆட்சியில் முஸ்லிம்கள் தனி வரி கட்டினார்கள். எனவே இரண்டாவது பாடவேளை கட்டாயம் வேண்டும். 1161இல் பலெர்மோவில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டது, 1220களில் பிற்காலச் சிசிலி மன்னர் இரண்டாம் பிரெடரிக் சிசிலி முஸ்லிம்களை இத்தாலியின் லூசெராவுக்கு நாடு கடத்தத் தொடங்கியது, 1300இல் அந்தக் குடியிருப்பும் அழிக்கப்பட்டது, 1492இல் சிசிலியிலிருந்து யூதர்களை வெளியேற்ற ஆணை வந்தது: இவற்றை ஒரு காலக்கோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் கல்லின் எந்தப் பகுதியைப் படிக்க ஆள் குறைந்திருக்கும் என்று கேளுங்கள்.