ஆறு பேர், ஒரு கணினி: பேக்கப் யார் பொறுப்பு?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் உபுண்டு லினக்ஸ் போட்ட ஒரே கணினியில் ஆறு பேர் தனித்தனி லாகினில் வேலை செய்கிறோம். பென் டிரைவில் பேக்கப் எடுக்கச் சொன்னால் யாரும் எடுப்பதில்லை. தானாக நடக்க வழி உண்டா? ஒருவர் ஃபைலை இன்னொருவர் பார்க்கவும் கூடாது.

பதில்: முதலில் அந்தப் பொறுப்பை ஆறு பேரிடமிருந்தும் வாங்கிவிடுங்கள். எல்லாருடைய ஹோம் ஃபோல்டரையும் (அவரவர் ஃபைல்கள் இருக்கும் இடம்) படிக்க, கணினியின் முழு அதிகாரம் உள்ள ரூட் என்ற கணக்குக்குத்தான் உரிமை. பேக்கப் வேலையும் ரூட் பெயரிலேயே ஓடட்டும்.

கருவி, 1996 முதல் இருக்கும் ஆர்சிங்க் (rsync) என்ற நகலெடுக்கும் புரோகிராம். 'ஆர்க்கைவ்' ஆப்ஷன் கொடுத்தால் ஃபைல் யாருடையது, அனுமதி என்ன என்பதும் சேர்ந்து நகலாகும். 'லிங்க்-டெஸ்ட்' ஆப்ஷனில் நேற்றைய நகலைக் காட்டினால், மாறாத ஃபைலுக்கு ஹார்ட் லிங்க் மட்டும் போடும்; அதாவது, ஏற்கெனவே இருக்கும் நகலுக்கே இன்னொரு பெயர். தேதிவாரியாக முழு நகல்கள் கிடைக்கும். இடம் பிடிப்பதோ மாறியவை மட்டுமே. நகல்களை வைக்கக் கடையில் வாங்கும் வெளி டிஸ்க் பல சமயம் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டில் வரும். அதில் இவை எதுவும் நிற்காது; லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபார்மேட்டுக்கு மாற்றுங்கள். பேக்கப் ஃபோல்டருக்கு 700 அனுமதி (உரிமையாளருக்கு மட்டும்) வைத்தால் ரூட் தவிர யாரும் திறக்க முடியாது.

இரவில் கணினியை அணைப்பீர்கள் என்றால் ஸ்கிரிப்டை (இந்தக் கட்டளைகளை எழுதிவைத்த ஃபைல்) 'கிரான்.டெய்லி' ஃபோல்டரில் போடுங்கள்; அதில் இருப்பவை தினமும் தானாக ஓடும். தவறிய வேலையை அனாக்ரான் என்ற புரோகிராம் மறுநாள் முடிக்கும். ஸ்கிரிப்ட் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது. இருந்தால் கணினி அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் பேக்கப் டிஸ்க்கின் கேபிள் தளர்ந்துவிட்டது. வெளி டிஸ்க் ஒரு ஃபோல்டரில் இணைக்கப்பட்டுத்தான் (மவுண்ட்) தெரியும்; மவுண்ட் ஆகாதபோது அந்த இடம் வெறும் ஃபோல்டர். ஸ்கிரிப்ட் கணினியின் சொந்த டிஸ்க்கிலேயே நகலெடுத்துக்கொண்டிருந்தது. ஒரு காலை யார் பாஸ்வேர்டு போட்டாலும் லாகின் திரையே திரும்ப வந்தது. கணினியின் டிஸ்க் 100 சதவீதம் நிரம்பியிருந்தது. ஆகவே டிஸ்க் உண்மையிலேயே மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்கும் 'மவுண்ட்பாயிண்ட்' சோதனையே ஸ்கிரிப்டின் முதல் வேலையாக இருக்கட்டும். தேறாவிட்டால் அங்கேயே நிற்கட்டும்.

தோல்விக்கு மட்டும் மெயில் வைக்காதீர்கள், வெற்றிக்கும் வரட்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தபோதுதான், தினசரி பேக்கப் எடுக்கப்படாமலே இருந்தது தெரிந்தது. எச்சரிக்கை மெயில்களை மெயில் சர்வரே நிராகரித்திருந்தது.

மாதம் ஒருமுறை யாராவது ஒருவரின் ஃபைலைப் பழைய தேதியிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கி வாராவாரம் மாற்றுங்கள். மாற்றியது அலுவலகத்தில் இருக்க வேண்டாம், உங்கள் வீட்டு பீரோவுக்குப் போகட்டும்.