ஷாட் சந்தேகங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, முதல் குறும்படம் எடுக்கப் போகிறேன். லாங், மிட், க்ளோஸ்-அப் எதை எங்கே வைப்பது?

பதில்: லாங் ஷாட்டில் ஆள் தலை முதல் கால் வரை தெரிவார், எந்த இடம், யாரோடு நிற்கிறார் என்பது புரியும். இடுப்புக்கு மேலே மிட் ஷாட். பேச்சோடு கையசைவும் வேண்டுமென்றால் அதுதான். க்ளோஸ்-அப் என்றால் முகம். புதிதாக எடுப்பவர்கள் ஆரம்பத்திலேயே க்ளோஸ்-அப்பாக அடுக்கிவிடுகிறார்கள். அப்புறம் கண் கலங்கும் இடம் வரும்போது நெருங்க இடமே இருக்காது. கதாபாத்திரம் எதையோ மறைக்கும் இடத்துக்கு அதை மிச்சம் வையுங்கள்.

கேள்வி: இரண்டு பேர் எதிரெதிரே பேசும் காட்சி. எடிட்டில் போட்டால் இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். ஏன்?

பதில்: கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். இருவரையும் இணைத்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கேமரா எப்போதும் அதற்கு ஒரே பக்கம் இருந்தால், ஒருவர் வலது பக்கம் பார்ப்பார், மற்றவர் இடது பக்கம். ஒருவருடைய க்ளோஸ்-அப்பை மட்டும் மறுபக்கம் போய் எடுத்தால் பார்வை திரும்பிவிடும். இதைத்தான் 180 டிகிரி விதி என்கிறோம். தாண்டியே ஆகவேண்டுமா? ஷாட் ஓடும்போதே கேமராவை நகர்த்திப் போங்கள், பார்ப்பவரும் கூடவே வருவார். எடுத்து முடித்துவிட்டீர்கள் என்றால், நடுவில் கையையோ மேசைமேல் இருக்கும் போனையோ ஒரு க்ளோஸ்-அப் செருகிப் பாருங்கள். படத்தை இடவலமாகத் திருப்பிப் போடும் குறுக்குவழியும் உண்டு. ஆனால் பின்னால் எழுத்து இருந்தாலோ, தலைவகிடு மாறினாலோ மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: ஜூம் செய்வதும் கேமராவை நகர்த்துவதும் ஒன்றுதானே?

பதில்: இல்லவே இல்லை. ஜூம் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கும். கேமரா முன்னால் போனால் பக்கத்தில் இருப்பது மளமளவென்று பெரிதாகும், தூரத்தில் இருப்பது அவ்வளவாக மாறாது. ஒருவரை மரத்துக்கு முன்னால் நிறுத்துங்கள். அகலமாகக் காட்டும் 24 எம்எம் லென்ஸில் நெருங்கி எடுங்கள். பிறகு தூரத்தை இழுத்துக் காட்டும் 85 எம்எம் மாட்டி, முகம் அதே அளவு வரும்வரை பின்னால் போங்கள். முகம் அப்படியே இருக்க, மரம் முதுகில் ஒட்டியதுபோல் பெரிதாக நிற்கும். பின்னால் போய்க்கொண்டே ஜூம் செய்தால் அந்த மாற்றம் கண்ணெதிரே நடக்கும். ஹிட்ச்காக் இயக்கிய 'வெர்டிகோ' (1958) படத்தின் மாடிப்படிக் காட்சியில் தலை சுற்றுவது இதனால்தான். அந்த மாடிப்படி ஒரு சின்ன மாதிரி; அதைப் படுக்கவைத்து எடுத்தார்கள்.

கேள்வி: லோ ஆங்கிள் வைத்தால் ஹீரோ மாஸாகத் தெரிவாரா?

பதில்: தெரிவார். ரொம்பக் கீழே, ரொம்பப் பக்கத்தில் வைத்தால் மூக்குத் துவாரமும் தெரியும்.

கேள்வி: மொபைலில் விநாடிக்கு 24 ஃப்ரேமில்தான் எடுக்கிறேன். ஆனாலும் அசைவு வெட்டி வெட்டி வருகிறது.

பதில்: வெயிலில் எடுத்திருப்பீர்கள். 24 ஃப்ரேமுக்கு ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளி வாங்கும் நேரம், 1/48 அல்லது 1/50 விநாடி இருந்தால் அசைவு இயல்பாகக் கலங்கும். பெரும்பாலான மொபைல்களில் அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தை) சுருக்க முடியாது. வெளிச்சம் கூடினால் ஆட்டோவில் ஷட்டர் 1/1000-க்கு மேலேகூட ஓடிவிடும். ஷட்டரை நாமே வைக்கவிடும் மேனுவல் ஆப், லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டர், சரியாகிவிடும். பான் செய்யும்போதும், அதாவது கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போதும், அவசரப்படாதீர்கள்: ஒரு பொருள் ஃப்ரேமின் ஓரத்திலிருந்து மறு ஓரம் போக 7 விநாடி என்பது பழைய கணக்கு.

கேள்வி: கேமரா ஆடாமல் பிடிக்க கிம்பல் வாங்கலாமா?

பதில்: ட்ரைபாட் இருக்கிறதா? மைக் இருக்கிறதா? இரண்டும் இருந்தால் வாங்குங்கள்.