பாட்டி மெஷினைப் பழைய இரும்புக்குப் போடாதீங்க

பத்து வருஷம் சும்மா கிடந்த பாட்டியோட சிங்கர் தையல் மெஷின் சக்கரம் சுத்தலைன்னும், டவுன் கடைக்காரர் "இரும்புக்குப் போடுங்க"ன்னாருன்னும் எழுதியிருக்கீங்க சகோதரி. அவசரப்படாதீங்க. எங்க ஊர்ப்பக்கம் நான் பிரிக்கிற பாதி மெஷின்ல இதே கதைதான்: தேங்காய் எண்ணெய். அது காஞ்சு, மஞ்சள் கோந்தாகி, தண்டைக் கவ்விக்கும்.

முதல்ல ஷட்டிலை (ஊசிக்குக் கீழே பாபின் உட்காருற பாகம்) கழட்டிச் சிக்கின நூலை எடுங்க. அப்புறம் ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய். ராத்திரி விட்டுட்டு, காலைல சக்கரத்தைக் கையால மெதுவா முன்னும் பின்னும் ஆட்டுங்க. முரண்டு பிடிச்சா மறுபடி சொட்டு, மறுபடி ஒரு ராத்திரி. வர்ற பழுப்பு அழுக்கைத் துடைச்சு, தையல் மெஷின் எண்ணெய் மட்டும் விடுங்க. மெஷின் உடம்புல இருக்கிற தங்க நிறப் பூ அலங்காரத்து மேல ஸ்பிரிட் படவே கூடாது, பூவோட மெருகு கரைஞ்சிடும்.

ஊசி புதுசு போடுங்க, பருத்தித் துணிக்கு 14-ம் நம்பர் ஊசி. நீளப் பள்ளம் இருக்கிற பக்கத்துலேர்ந்துதான் நூல் கோக்கணும்.