புத்தகத்தை மூடிவிட்டுப் படி

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். உயிரியல் பாடத்தை நாலு தடவை வாசித்து, மஞ்சள் மார்க்கரும் போட்டுவிட்டேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது, பரீட்சை ஹாலில் ஒன்றுமே வரவில்லை. எங்கள் அப்பத்தாவோ சத்தம் போட்டுப் படி என்கிறார்கள். எப்படித்தான் படிப்பது?
ஒரு மாணவி, தேவகோட்டை

பதில்: உன் ஞாபகசக்தியைக் குறை சொல்லாதே அம்மா. நாலாவது தடவை வாசிக்கும்போது வரிகள் பழகிப்போய், கண் வழுக்கிக்கொண்டு போகும், மனசும் 'இதுதான் தெரியுமே' என்று சொல்லிவிடும். கல்யாண வீட்டு முகப்பில் தெரிந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் பெயர் வராமல் முழிக்கிறோமே, அதேதான் இது. பரீட்சையில் முகத்தைக் காட்ட மாட்டார்கள், பெயரைத்தான் கேட்பார்கள்.

2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது ஒரு பகுதியை நாலு முறையும் வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, அப்படி வாசித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது. ஒரே முறை வாசித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்.

சரி, இதயம் பாடத்தையே எடுத்துக்கொள். முதலில் பாடத்தின் கடைசியில் இருக்கிற கேள்விகளைப் படித்துவிடு, எதைத் தேடி வாசிக்கிறோம் என்று தெரியும். அப்புறம் ஒரு தலைப்பை மட்டும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடு. வெள்ளைத்தாளில் நாலு அறையும் வரைந்து, வலது ஆரிக்கிளில், அதாவது வலது மேல் அறையில், நுழைகிற ரத்தம் நுரையீரலுக்குப் போய் இடது பக்கம் திரும்பி, உடம்புக்குப் போகிற வரை அம்புக்குறி போடு. மூவிதழ் வால்வு எந்தப் பக்கம், ஈரிதழ் எந்தப் பக்கம் என்று ஓர் இடத்தில் பேனா நிற்கும் பார், அதுதான் நீ படிக்க வேண்டிய இடம். புத்தகத்தைத் திறந்து அங்கே மட்டும் மார்க்கர் போடு.

சத்தம் போட்டுப் படிப்பது தப்பில்லை. ஆனால் சாயங்காலம் அப்பத்தா வளவில் உட்கார்ந்திருக்கும்போது, புத்தகம் இல்லாமல் அவர்களுக்கே பாடத்தைச் சொல்லிப் பாரேன். "அதென்னத்தா, ரத்தம் ரெண்டு தடவை இதயத்துக்கு வருது?" என்று கேட்பார்கள். நுரையீரலுக்கு ஒரு சுற்று, உடம்புக்கு ஒரு சுற்று என்று உன் வாயால் விளக்கிவிட்டால் இரட்டைச் சுற்றோட்டம் மறக்கவே மறக்காது.

இதையே மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை, பத்து நிமிடம் எழுதிப் பார். முதல் தடவை பாதிகூட வராது, பயப்படாதே. வராத இடத்தில் உடனே புத்தகத்தைப் புரட்டாமல் ஒரு நிமிடம் யோசி, அப்புறம் திற.