பட்டாளத்துக்குப் போவேன் என்று நிற்கிற பையனின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ முடித்ததும் ராணுவம்தான் என்று பையன் பிடிவாதமாக இருக்கிறான், ஒரே பிள்ளையை எல்லைக்கு அனுப்ப மனசு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் வேண்டாம் என்று சொல்வதானாலும் சரி என்று சொல்வதானாலும், ராணுவத்தின் வேலை என்ன என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

முதல் வேலை எல்லைக் காவல். இதை நான் மழுப்ப மாட்டேன். 1984-லிருந்து சியாச்சின் பனியில் நம் ஆட்கள் நிற்கிறார்கள். அங்கே குளிரும் பனிச்சரிவுமே பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கின்றன. காலாட்படையில் சேர்ந்தால் அப்படி ஓரிடத்தில் நிற்க வேண்டி வரலாம்.

எல்லோரும் காலாட்படை இல்லை. தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸ், பொறியாளர் படை, மருத்துவப் படை, வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. என்று பல பிரிவுகள் உண்டு. 2024-இல் வயநாட்டு நிலச்சரிவின்போது சூரல்மலையில் இரவு பகலாக நின்று இரும்புப் பாலம் போட்டது மெட்ராஸ் பொறியாளர் படைதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம் தாமிரபரணிக் கரை ஊர்கள் தத்தளித்தபோது முப்படையினரும் வந்ததை நீங்களே அறிவீர்கள். உங்கள் நாங்குநேரிக்குப் பக்கத்தில், விஜயநாராயணத்தில், கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் கடற்படை நிலையம் 1990-லிருந்து இயங்குகிறது. நாட்டுப் பாதுகாப்பு வேலை நம் பனங்காட்டிலும் நடக்கிறது.

அண்டை நாட்டு விவகாரம் என்றாலே நம் பக்கத்து ஆட்களுக்கு இலங்கை நினைவு வரும். 1987 முதல் 1990 வரை அங்கே இருந்த இந்திய அமைதிப்படையில் ஆயிரத்துக்கும் அதிகமான வீரர்கள் இறந்தார்கள். தமிழர்கள் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை. அதே காலத்தில், 1988-இல், மாலத்தீவு அரசு கேட்டுக்கொண்டதும் ஒரே இரவில் பாராசூட் படை விமானத்தில் போய் ஆட்சிக் கவிழ்ப்பைத் தடுத்தது. 2015-இல் நேபாள நிலநடுக்கத்துக்கு மீட்புக்காகப் போனார்கள். எங்கே போவது என்பதைத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு முடிவு செய்யும். சிப்பாய்க்கு அதில் விருப்பம் சொல்ல இடமில்லை. பையனிடம் இதைக் கட்டாயம் பேசுங்கள். இதை ஏற்றுக்கொள்ள முடியாதவனுக்கு ராணுவம் சரிப்படாது.

அப்புறம், எந்த வாசல் வழியாகப் போகிறான் என்பது. அவன் சொல்வது அக்னிவீர். 2022-இல் வந்த திட்டம் அது. நான்கு வருடம் வேலை. முதல் வருடச் சம்பளம் மாதம் 30,000, அதில் 30 சதவீதம் பிடித்தம். முடியும்போது வட்டியோடு சுமார் 11.7 லட்சம் கிடைக்கும், ஓய்வூதியம் கிடையாது. நிரந்தரமாக எடுப்பது அதிகபட்சம் 25 சதவீதம் பேரை. மற்றவர்கள் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் ஊர் திரும்புவார்கள். ஐந்தாவது வருடம் என்ன செய்வான் என்பதற்கு இப்போதே பதில் வேண்டும். பணியில் இருக்கும்போதே தொலைநிலையில் ஒரு பட்டம் படிக்கச் சொல்லுங்கள்.

என் ஆசை, அவன் முதலில் என்.டி.ஏ. என்கிற தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான நுழைவுத் தேர்வை எழுத வேண்டும் என்பது. பிளஸ் டூ படிக்கும்போதே எழுதலாம், வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை. தேர்வானால் புனே அருகே கடக்வாஸ்லாவில் மூன்று வருடப் படிப்பும் பயிற்சியும் அரசு செலவு. அதற்குப் பிறகு டேராடூனில் ஒரு வருடப் பயிற்சி முடித்து ராணுவ அதிகாரியாக வெளியே வருவான். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். ஆங்கிலத்துக்கே 200 மதிப்பெண், கணக்குக்கு 300. நம் தமிழ்வழிப் பிள்ளைகள் புத்திசாலித்தனம் குறைவாகத் தோற்பதில்லை, இந்த ஆங்கிலத்தில்தான் தோற்கிறார்கள். அது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. இன்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் ஆங்கிலம் படித்தால் ஈடுகட்ட முடியும். கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை. பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்து என்.சி.சி. என்கிற தேசிய மாணவர் படையில் 'சி' சான்றிதழும் பட்டமும் வாங்கினால், எழுத்துத் தேர்வே இல்லாமல் அதிகாரி வேலைக்கான நேர்முகத்துக்குப் போகும் வழி இருக்கிறது. பயிற்சி சென்னை பரங்கிமலையில்.

சேர்த்துவிடுகிறேன் என்று பணம் கேட்டு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இந்த வாரமே அவனை டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பார்வை, நிறக்குருடு, தட்டைப்பாதம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ரிப்போர்ட்டோடு வாருங்கள், எந்தத் தேர்வுக்கு முதலில் விண்ணப்பிப்பது என்று மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்வோம்.